‘தடை முடிந்ததும் கூப்பிடுகிறோம்’ என்றார்கள்

மண்டபத்திலிருந்து:

பதினான்கு வருடம் நண்டு கம்பெனியில் சதை எடுத்தேன். 2008-இல் சேரும்போது எனக்கு 39 வயது. அவித்த நண்டை உடைத்து, துடுப்புக் கால் ஓரத்துச் சதையை உடையாமல் எடுக்க வேண்டும். அதுதான் ‘ஜம்போ’, விலையும் அதற்குத்தான். இந்த வேலைக்குக் கண்ணைவிட விரல்தான் முக்கியம். கடுகளவு ஓடு கிடந்தாலும் விரல் சொல்லிவிடும். புதிதாக வந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதைப் பழக்கிவிட்டவள் நான்.

2022 ஏப்ரல் 15-இல் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் தொடங்கியது. நாட்டுப்படகு நண்டு வந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் வரத்து குறைவு என்று ஒன்பது பேரை நிறுத்தினார்கள். தடை முடிந்தது, ஜூலையும் போனது, கூப்பிடவில்லை. ஒன்பது பேருமே 50-ஐத் தாண்டியவர்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

நேரில் போனேன். "கண் மங்கிப்போச்சு பெரியம்மா, சதையில் ஓடு கலந்து வருது" என்றார் சூப்பர்வைசர். தடைக்கு முன்புவரை என்னை அக்கா என்று கூப்பிட்ட பிள்ளை. "என் தட்டையும் இன்னொருத்தர் தட்டையும் விளக்கடியில் வைத்துப் பாருங்கள் தம்பி" என்றேன். பார்க்கவில்லை. வேலை போனதைவிட அதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி தர வேண்டிய பணிக்கொடையை (கிராஜுவிட்டி) கேட்டபோது, எடைக்கூலிக்கு அதெல்லாம் கிடையாது என்றார்கள். அது தவறு. அப்போது நடப்பில் இருந்த 1972-ஆம் வருடச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து உழைத்திருந்தால் எடைக்கூலிக்காரருக்கும் உண்டு. கடைசி மூன்று மாதக் கூலியைச் சராசரி போட்டு ஒரு நாள் கூலியைக் கணக்கிடுவார்கள். எனக்கு 380 ரூபாய் வந்தது. வருடத்துக்கு 15 நாள் கூலி 5,700. பதினான்கு வருடத்துக்கு 79,800. தொழிலாளர் துறையில் மனு கொடுத்து, ராமநாதபுரத்துக்கு எட்டு மாதம் அலைந்து வாங்கினேன். 2008-இல் சேர்ந்ததற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி பழைய பிஎஃப் சீட்டு. மற்ற எட்டுப் பேரில் மூவரிடம்தான் அது இருந்தது.

ராமேஸ்வரத்திலிருந்து:

அக்கா, என்னை வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள். வயது 46. ஒரு லாட்ஜ் வரவேற்பில் பத்து வருடம் இருந்தேன். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் தமிழ், இந்தி, தெலுங்கு மூன்றிலும் பேசி அறை கொடுத்தவன். கொரோனாவில் வேலை போனது. அப்புறம் எங்கே கேட்டாலும் "35-க்குள் ஆள் பார்க்கிறோம்" என்கிறார்கள். தனியார் வேலையில் வயதைச் சொல்லி மறுப்பதைத் தடுக்க இங்கே பொதுவான சட்டம் இல்லை என்றார் தெரிந்த வக்கீல். அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவே அரசு வேலைக்குத்தானாம். பாகுபாடு கூடாது என்று அதில் மதம், சாதி, பால் எல்லாம் இருக்கிறது, வயது இல்லை. கேட்டதிலிருந்து மனசே ஆறவில்லை.

மறுபடியும் மண்டபத்திலிருந்து:

தம்பி, புது வேலைக்கு என்னிடம் வழி இல்லை. ஆனால் அந்த லாட்ஜில் பத்துப் பேராவது வேலை செய்திருந்தால் பணிக்கொடை உங்களுக்கும் சேர வேண்டியது. தகுந்த காரணம் இருந்தால், தாமதம் என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. முதலில் பிஎஃப் எண்ணைத் தேடி எடுங்கள். என் மனுவின் நகல் வீட்டில் இருக்கிறது, இந்தப் பக்கம் வரும்போது சொல்லுங்கள், தருகிறேன்.