கிளாட் மாக் டெஸ்டில் 78-லிருந்து 64.5-க்கு வந்துவிட்டேன். படிக்கப் படிக்க ஏன் இறங்குகிறது?

விருதுநகர்ப்பொண்ணு:
வணக்கம். ப்ளஸ் டூ காமர்ஸ் படிக்கிறேன். டிசம்பர் முதல் ஞாயிறு கிளாட், அதாவது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வு. இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. காலாண்டு விடுமுறையில் எழுதிய மாக்கில் (மாதிரித் தேர்வில்) 120-க்கு 78 எடுத்தேன். அப்புறம் 76.25, 71, 69.75. போன சனிக்கிழமை 64.5. படிப்பை நான் குறைக்கவே இல்லை, கூட்டித்தான் இருக்கிறேன். ஒப்பந்தச் சட்டம், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா இரண்டுக்கும் புத்தகம் வாங்கி நோட்டு போட்டிருக்கிறேன். கரண்ட் அஃபேர்ஸுக்கு தினமும் ஒன்றரை மணி நேரம்.

வாட்ஸாப் குழுவில் ஒரு பையன் சனிக்கிழமை தவறாமல் 95, 97 என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறான். குழுவை மியூட் செய்துவிட்டேன். ஆனால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நானே போய்த் திறந்து பார்க்கிறேன்.

அப்பா திட்டுவதில்லை. "அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துல ப்ளஸ் டூ மார்க்கை வெச்சே சேர்த்துக்கிறாங்களே, எதுக்கும்மா இந்தப் பாடு" என்று மெதுவாகக் கேட்கிறார். அதற்குத் திட்டியே இருக்கலாம். 4000 ரூபாய் கட்டணம் கட்டியாகிவிட்டது. எனக்குத் திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் கிடைத்தால் போதும். மாக் எழுதுவதையே கொஞ்ச நாள் நிறுத்திவிடலாமா?

நாவலூர்குட்டப்பட்டு_ஹாஸ்டல்:
தங்கச்சி, நீ கேட்கிற அதே திருச்சியில்தான் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். மொத்த மார்க்கை மட்டும் சொன்னால் ஒன்றும் பிடிபடாது. 78 வந்த மாக்கிலும் 64.5 வந்த மாக்கிலும் எத்தனை கேள்வி எழுதினாய், எத்தனை சரி, எத்தனை தப்பு? எப்போது உட்கார்ந்து எழுதினாய்?

விருதுநகர்ப்பொண்ணு:
78-ல் 98 எழுதினேன் அக்கா. 82 சரி, 16 தப்பு. கடைசியில் 117 எழுதினேன், 75 சரி, 42 தப்பு. 95 எடுக்கிறவன் எல்லாக் கேள்வியும் எழுதுகிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்து எதையும் விடுவதில்லை. விடுமுறையில் மதியம் எழுதினேன். இப்போது ஸ்கூல், டியூஷன் முடித்து ராத்திரி பத்தரைக்குத்தான் உட்கார முடிகிறது.

நாவலூர்குட்டப்பட்டு_ஹாஸ்டல்:
சரி, இப்போது கணக்கைப் பார். 120 கேள்வி, 120 நிமிஷம், தப்புக்குக் கால் மார்க் போகும். சரியானது ஏழுதான் குறைந்திருக்கிறது. தப்பு 26 கூடியிருக்கிறது, அதில் ஆறரை போச்சு. ஏழும் ஆறரையும் பதின்மூன்றரை. நீ இழந்ததும் அதேதான்.

மைனஸ் மார்க் மட்டும் காரணம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நாலில் ஒன்றைக் குறித்தால்கூட சராசரியில் பெரிய நஷ்டம் வராது. கூடுதலாகப் பத்தொன்பது கேள்வியைத் தொட வேண்டும் என்று, கேள்விகளுக்கு முன்னால் கொடுக்கிற பேசேஜை ஓட்டமாகப் படித்திருக்கிறாய். அதில் உனக்குத் தெரிந்த கேள்விகளும் கெட்டுப்போயிருக்கின்றன.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது, எனக்கும் நடந்ததால் கேட்கிறேன். லீகல் ரீசனிங் (சட்டத் தர்க்கம்) பகுதியில் தப்பு கூடியிருக்கிறதா? எனக்கு ஒரு மாக்கில் மைனர் ஒப்பந்தம் பற்றிய பேசேஜ் வந்தது. காப்பாளர் சம்மதித்தால் மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லும் என்று அதில் ஒரு விதியை எழுதியிருந்தார்கள். நான் அப்போதுதான் 1903-ம் வருஷ மொஹோரி பீபி வழக்கைப் படித்துவிட்டு பெரிய வக்கீல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மைனர் ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று ஐந்து கேள்விக்கும் குறித்தேன். ஐந்தும் தப்பு. பேசேஜ் கொடுத்த விதியை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும், நம் சட்ட அறிவை யாரும் கேட்கவில்லை. உன் தப்புக்கேள்விகளை எடுத்து, விடை பேசேஜின் எந்த வரியில் இருக்கிறது என்று பென்சிலால் கோடு போடு. வரி கிடைக்காத இடத்தில் நீ நோட்டிலிருந்து எழுதியிருப்பாய்.

மாக்கை நிறுத்தாதே. வாரம் ஒன்று எழுது, அதைப் பிரித்துப் பார்க்க இரண்டு நாள் எடுத்துக்கொள். சட்டப் புத்தகத்தை மூடி வை. இங்கே வந்தபிறகு ஐந்து வருஷம் அதைத்தான் படிக்கப்போகிறாய்.

கணக்கு_வாத்தியார்:
என் பெண் இரண்டு வருஷம் முன்பு எழுதினாள், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். தேர்வு மதியம் இரண்டிலிருந்து நாலு வரை. ராத்திரி பத்தரை மார்க்கையும் மதிய மார்க்கையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்ப்பது சரியில்லைம்மா. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு உட்காரு. கறிக்குழம்பு வேண்டாம், தூக்கம் தள்ளும். அப்புறம் லேப்டாப்பில் எழுதாதே. ஓஎம்ஆர் தாளைப் பிரிண்ட் எடுத்து பால்பாயிண்ட் பேனாவால் வட்டத்தை நிரப்பிப் பழகு. என் பெண்ணுக்கு அதற்கே எட்டு நிமிஷம் போனது. அதைக் கணக்கில் எடுக்காமல் முதல் தடவை கடைசி ஒரு பேசேஜை அப்படியே விட்டுவிட்டாள்.

அப்பா கேட்பதில் தப்பில்லை. அந்த வழியும் திறந்திருக்கிறது என்று தெரிந்தால் கை கொஞ்சம் நடுங்காமல் இருக்கும்.

விருதுநகர்ப்பொண்ணு:
அக்கா, கோடு போட்டுப் பார்த்தேன். லீகலில் 13 தப்பு. ஒன்பதுக்குப் பேசேஜில் வரியே கிடைக்கவில்லை, எல்லாம் என் நோட்டில் இருக்கிறது! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நோட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

சார், ஞாயிறு இரண்டு மணிக்கு உட்காருகிறேன். எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் கறிதான். அம்மாவிடம் சொன்னேன், ராத்திரிக்கு எடுத்து வைக்கிறேன் என்றாள்.