மறு: லெப்பர்ட் சீலுக்குத் தமிழ்? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்பர்களுக்கு வணக்கம். குழந்தைகளுக்கான விலங்குப் படநூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். அண்டார்க்டிகா பக்கத்தில் 'லெப்பர்ட் சீல்' வந்து மறித்துக்கொண்டு நிற்கிறது. சீலுக்கு ஏற்கெனவே கடல்நாய் என்று போட்டாயிற்று. அப்படியானால் இது 'சிறுத்தைக் கடல்நாய்'. வேறு ஏதாவது தோன்றுகிறதா?

மதுரை அன்பர்:
சிறுத்தை, நாயைத் தூக்கிக்கொண்டு போகிற விலங்கு. இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆங்கிலத்தில் தவளை, பல்லி, சட்டைத்துணி என்று எதில் புள்ளி கண்டாலும் லெப்பர்டை ஒட்டிவிடுகிறார்கள். நாம் புள்ளியை மட்டும் எடுத்துக்கொள்வோம்: புள்ளிக் கடல்நாய்.

உயிரியல் ஆசிரியை:
வட பசிபிக்கில் 'ஸ்பாட்டட் சீல்' என்று வேறொன்று இருக்கிறதே ஐயா, அதற்கு அப்புறம் என்ன வைப்பீர்கள்? இது 3 மீட்டர் வளரும். பெங்குவினையும் மற்றக் கடல்நாய்களின் குட்டிகளையும் அடித்துத் தின்னும். குணத்திலும் சிறுத்தைதான். 'கடற்சிறுத்தை' என்றால் என்ன?

புலவர்:
லெப்பர்டுக்குச் சிவிங்கி என்ற பழஞ்சொல் இருக்கச் சிறுத்தை எதற்கு? பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில், எரேமியா 13:23இல், தன் புள்ளியை மாற்ற முடியாதது சிவிங்கிதான். ஒட்டகச்சிவிங்கியைப் பாருங்கள். கிரேக்கர் ஒட்டகத்தையும் 'பார்ட்' என்ற புள்ளிப் பூனையையும் சேர்த்து வைத்த பெயருக்கு அப்படியே நேர். லெப்பர்டும் சிங்கத்துக்கும் பார்டுக்கும் பிறந்தது என்று நம்பி வைத்த பெயர். இன்னொன்று: குறுந்தொகை 47இல் வேங்கைப் பூ உதிர்ந்த பாறை புலிக்குட்டியாகத் தோன்றுகிறது. பூ உதிர்ந்தால் புள்ளி விழும், வரி விழுமா? ஆகவே அது சிறுத்தைக் குட்டியே என்பது என் நெடுநாள் கருத்து.

உயிரியல் ஆசிரியை:
அதே விவிலியத்தில் ஏசாயா 11:6இல் அதே விலங்கு புலியாகிவிடுகிறது ஐயா! இன்று சிவிங்கிப்புலி என்றால் சீட்டா. 2022இல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவுக்கு 8 சீட்டா வந்தபோது 'சிறுத்தைகள் வந்தன' என்று எழுதிக் குழப்பியது போதும். இதில் சிவிங்கியைக் கடலில் வேறு இறக்க வேண்டுமா?

புலவர்:
குழப்பியவர்கள் திருத்திக்கொள்ளட்டும். சொல் என்ன பிழை செய்தது?

மதுரை அன்பர்:
குறுந்தொகைக்குத் தனி இழை தொடங்கலாமே. வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

தொடங்கியவர்:
கடற்சிறுத்தைக்கு நால்வர், புள்ளிக் கடல்நாய்க்கு இருவர், சிவிங்கிக்குப் புலவர் ஐயா. கடற்சிறுத்தை என்றே போட்டு, படத்தின் கீழ் 'இதுவும் ஒரு கடல்நாய்' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பிவிட்டேன். அடுத்த நூல் ஊர்வன. முதல் பக்கத்திலேயே லெப்பர்ட் கெக்கோ.

மதுரை அன்பர்:
சிறுத்தைப் பல்லி. முடிந்தது.

உயிரியல் ஆசிரியை:
அது சுவரில் ஏறாது ஐயா. விரலில் ஒட்டும் பட்டை கிடையாது. பல்லி என்றால் பிள்ளைகள் ஒத்துக்கொள்வார்களா?

புலவர்:
சிவிங்கிப் பல்லி.