பல கோப்புகளுக்கு ஒரே சராசரிக் கோடு: குனுப்ளாட் அனுபவங்கள்

கத்ர் போர்ன், மொரிஷியஸ்

1960-ல் கரோல் சூறாவளி அடித்த பிறகு இந்தத் தீவில் மரவீடுகள் குறைந்து கான்கிரீட் வீடுகள் பெருகின. காற்றுக்குத் தாங்கும், சரி. ஆனால் பகலில் வாங்கிய சூட்டை மேல்தளம் இரவெல்லாம் அறைக்குள் இறக்குகிறது. எவ்வளவு என்று பார்க்க போர்ட் லூயியிலும் மேட்டில் இருக்கும் கியூர்பிப்பிலும் சொந்தக்காரர்கள் வீட்டு மாடியறைகளில் வெப்பநிலைப் பதிவுக் கருவிகள் வைத்தோம். கருவிக்கு ஒரு கோப்பு. குனுப்ளாட் என்ற வரைபடம் வரையும் மென்பொருளில் ஊருக்கு ஒரு சராசரிக் கோடு வேண்டும். இரண்டு ஊரையும் சேர்த்து சராசரி எடுத்தால் அது எந்த ஊரின் வெப்பமும் இல்லை.

கோப்புகளை ‘பேஸ்ட்’ கட்டளையால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, வேண்டிய நெடுவரிசைகளைக் கூட்டி வகுக்கச் சொல்லித்தான் பலரும் யோசனை தருவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ‘பேஸ்ட்’ வரி எண்ணைத்தான் பார்க்கும், நேரத்தைப் பார்க்காது. ஒரு கருவி இருபது நிமிடம் பிந்தித் தொடங்கியிருந்தாலும் அதன் முதல் வரி மற்றவற்றின் முதல் வரியோடுதான் சேரும். படம் அழகாக வரும், கணக்கு தப்பாக இருக்கும்.

அதனால் ‘கேட்’ கட்டளை கொண்டு கோப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, குனுப்ளாட்டின் ‘ஸ்மூத் யூனிக்’ போட்டேன். எக்ஸ் மதிப்பு (இங்கே நேரம்) ஒன்றாக உள்ள புள்ளிகளை அது ஒரே புள்ளியாக்கி, ஒய் மதிப்புகளின் (இங்கே வெப்பநிலை) சராசரியை அங்கே வைக்கும். ஒரு சிக்கல்: ஒரு கருவி 10:00:03-க்குப் பதியும், இன்னொன்று 10:04:40-க்கு. இரண்டும் ஒரே எக்ஸ் ஆகாது. நேரத்தை நொடிகளாக மாற்றி, 600-ஆல் வகுத்து, ‘ஃப்ளோர்’ போட்டு (பின்னத்தை வெட்டிக் கீழ் முழு எண்ணாக்கி), திரும்ப 600-ஆல் பெருக்கினால் எல்லாம் பத்து நிமிடப் பெட்டிகளில் விழுந்துவிடும்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று. பிரெஞ்சு அமைப்பில் இருக்கும் கணினி 24.5 என்பதை 24,5 என்று எழுதி, நெடுவரிசைகளை அரைப்புள்ளியால் பிரிக்கும். பிரிப்பான் அரைப்புள்ளி என்று மட்டும் சொன்னால் குனுப்ளாட் கமாவோடு நின்று 24 என்று எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. கோடு படிக்கட்டு மாதிரி ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் பிடிக்க முடிந்தது. ‘செட் டெசிமல்சைன் லோகேல்’ என்று பிரெஞ்சு லோகேலை (எண், தேதி எழுதும் முறைக்கான மொழி அமைப்பை) கொடுத்தால் சரியாகப் படிக்கும். அந்த லோகேல் கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

செயின்ட் டெனி, ரீயூனியன்

அக்கா, எங்கள் வீட்டிலும் இதே கமாதான். ஒன்று சேர்க்கிறேன். நடு இரவில் ஒரு கருவியின் பேட்டரி தீர்ந்தால், ‘ஸ்மூத் யூனிக்’ மீதியுள்ளவற்றின் சராசரியைச் சத்தமில்லாமல் போட்டுவிடும். கோடு திடீரென்று ஏறும். அறை சூடானதா, குளிர்ந்த வீடு ஒன்று கணக்கிலிருந்து விழுந்ததா என்று தெரியாது. அதே எக்ஸ் மதிப்போடு, ஒய் இருக்கும் இடத்தில் 1 என்று கொடுத்து ‘ஸ்மூத் ஃப்ரீக்வென்சி’ போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை அளவீடுகள் விழுந்தன என்று காட்டும். அந்தக் கோட்டை அடியில் சின்னதாக வரையாமல் நான் எந்தச் சராசரியையும் யாருக்கும் அனுப்புவதில்லை.

நான் மழைமானிக் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவன். 1966 ஜனவரி 7, 8-ல் எங்கள் தீவின் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் கொட்டியது, உலக சாதனை. மேற்குக் கரையோ வறண்ட பக்கம். தீவு முழுவதற்கும் ஒரே சராசரிக் கோடு போட்டால் இப்படிப்பட்ட மழை அதில் கரைந்து போகும்.

கத்ர் போர்ன், மொரிஷியஸ்

தம்பி, ஃப்ரீக்வென்சி யோசனை அருமை, இன்றே சேர்க்கிறேன். அப்படிக் கரைந்து போகாமல் இருக்க நான் செய்வது: ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப இயக்கும் ‘ஃபார்’ சுழற்சியில் எல்லாக் கோப்புகளையும் மெல்லிய சாம்பல் கோடுகளாக முதலில் வரைந்து, மேலே சராசரியைத் தடித்த சிவப்பில் போடுவேன். போர்ட் லூயியில் ஒரு வீடு மட்டும் விடியும்வரை மற்றவற்றுக்கு மேலேயே நின்றது சாம்பல் கோட்டில்தான் தெரிந்தது. அந்த வீட்டுத் தளத்துக்குத்தான் முதலில் வெள்ளைப் பூச்சு அடிக்கப் போகிறோம்.