ஈஸ்ட் ஹாம் பழைய வீட்டில் ஈரச்சுவர்: சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் விக்டோரியா ராணி காலத்து வரிசை வீடு ஒன்றில் இருக்கிறோம், 1890களில் கட்டியது. முன்னறையில் வெளியே துருத்தி நிற்கும் பே ஜன்னலுக்குக் கீழே, சுவரில் முழங்கால் உயரம் வரை உப்புப் பூத்து, விரல் பட்டாலே பெயிண்ட் செதில் செதிலாக உதிர்கிறது. வந்து பார்த்த இரண்டு பேரும் சுவரில் துளை போட்டு ஈரத்தைத் தடுக்கும் ரசாயனம் ஏற்றி, மேலே சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஏனென்றால் இந்தச் சுவர்களுக்கு நடுவில் இடைவெளி கிடையாது, 9 அங்குலமும் செங்கல்தான், சுண்ணாம்புக் கலவையில் கட்டியது. உள்ளே இறங்கும் ஈரம் அந்தச் சுண்ணாம்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். எங்களுக்கு முன் இருந்த யாரோ செங்கல்களுக்கு இடையிலுள்ள இடுக்கையெல்லாம் சிமெண்ட்டால் அடைத்துவிட, போக வழியில்லாத ஈரம் செங்கலின் முகத்தையே பெயர்த்துக்கொண்டு வருகிறது. அப்புறம், பலகைத் தரைக்கு அடியில் காற்றோட்டத்துக்காக வைத்த ஓட்டைச் செங்கல் பாதி மண்ணுக்குள் கிடந்தது. போன வாரம்தான் தோண்டி வெளியே எடுத்தேன்.

சிமெண்ட்டைச் செதுக்கி எடுத்து மறுபடி சுண்ணாம்பு வைக்கத் தெரிந்த கொத்தனார் யாராவது கிழக்கு லண்டன் பக்கம் இருக்கிறாரா? ஏற்கெனவே செய்தவர்கள் எவ்வளவு செலவானது, சுவர் காய எத்தனை மாதம் பிடித்தது என்று சொல்லுங்கள். செதுக்கும்போது செங்கல் விளிம்பு உடையாமல் இருக்க உளி மட்டும் போதுமா? குளிர் தொடங்கும் முன் முடிக்கவேண்டும், உறைபனியில் சுண்ணாம்பு நிற்காது.