செயலிழந்த குரல் நாண்: ஜிட்டர் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

மெல்லொலி:
வணக்கம். குரல் கோளாறுகளில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கிறேன். குரல் நாணில் முடிச்சு உள்ளவர்கள் ஒரு குழு, ஒரு பக்க நாண் செயலிழந்தவர்கள் இன்னொரு குழு. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் 'ஆ' என்று நீட்டிச் சொல்லவைத்து ஒப்பிடுவது திட்டம். முன்னோட்டப் பதிவுகளில் செயலிழப்புக் குழுவின் ஜிட்டர், அதாவது குரல் அதிர்வின் சீரின்மையைக் காட்டும் எண், மட்டும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகிறது. ஒரே பதிவில் வெட்டும் இடத்தைச் சற்று நகர்த்தினாலும் மாறுகிறது. கோளாறு பதிவிலா, கணக்கீட்டிலா? எந்த அளவை முதன்மையாக வைக்கலாம்?

அலைவடிவம்:
இரண்டையும்விட, அந்தக் குரலுக்கு ஜிட்டர் பொருந்தாது என்பதுதான் காரணமாக இருக்கும். அடுத்தடுத்த அதிர்வுச் சுற்றுகளின் கால அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பதே ஜிட்டர். சுற்று எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தானே கணக்கிட முடியும்? நாண்கள் சரியாக மூடாமல் காற்று கசியும்போது அந்த எல்லை இரைச்சலில் மறைந்துவிடும். பிறகு ஒவ்வொரு மென்பொருளும் தன் வழியில் ஊகிக்கிறது.

1995-ல் குரல் அறிவியலாளர் இங்கோ டிட்ஸே தொகுத்த அறிக்கை குரல் அலைகளை மூன்று வகையாகப் பிரித்தது: ஏறக்குறையச் சீரானவை, துணை அதிர்வெண்கள் தலைகாட்டுபவை, சீரே இல்லாதவை. ஜிட்டர், சுற்றுக்குச் சுற்று ஒலியின் வீச்சு மாறுவதைக் காட்டும் ஷிம்மர் இரண்டும் முதல் வகைக்கு மட்டுமே பொருந்தும். எனவே எண்ணைத் தொடும் முன் படத்தைப் பாருங்கள். பிராட் என்ற ஒலி ஆய்வு மென்பொருளில், ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் நிறமாலைப் படத்தின் சாளர நீளத்தை 0.05 விநாடி ஆக்கினால் இணைச்சுரக் கோடுகள் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள்) தனித்தனியாகத் தெரியும். கோடுகளுக்கு நடுவே புதுக்கோடுகள் முளைத்தால் இரண்டாம் வகை. கோடே இல்லாமல் புகைமூட்டம்போல் இருந்தால் மூன்றாம் வகை. இப்படிப் பிரிப்பதை இருவர் தனித்தனியே செய்து ஒப்பிடுவது அவசியம்.

முதன்மை அளவாக செப்ஸ்ட்ரல் உச்ச மேலோங்கலை, அதாவது சிபிபியை, வைக்கச் சொல்வேன். குரல் எவ்வளவு சீராக ஒலிக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. அதற்குச் சுற்றின் எல்லை தேவையில்லை, தொடர்பேச்சிலும் எடுக்கலாம். ஆனால் ஒரு மென்பொருளின் சிபிபியை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. அமைப்புகள் வேறு, மதிப்பும் வேறு.

ஒலிக்கூடம்:
பதிவையும் லேசாக விட்டுவிட வேண்டாம். தலையில் மாட்டும், எல்லாத் திசையிலும் ஒலி வாங்கும் கண்டென்சர் மைக் நல்லது. ஒரு திசை மைக்கை அருகில் வைத்தால் தாழ்ந்த அதிர்வெண்கள் ஊதிப்போகும். வாயிலிருந்து 4 முதல் 10 செ.மீ., நேர் எதிரே இல்லாமல் 45 முதல் 90 பாகை விலகி இருக்கட்டும். நேரே வைத்தால் மூச்சு மோதும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பு. அறை இரைச்சல் நோயாளியின் மிக மெல்லிய குரலைவிடக் குறைந்தது 10 டெசிபலாவது கீழே இருக்க வேண்டும். கைபேசியிலோ காணொலி அழைப்பிலோ பதிந்தால் இரைச்சல் நீக்கி, தானியங்கி ஒலிச் சீரமைப்பு இரண்டையும் அணைத்தே ஆக வேண்டும். கசியும் மூச்சையே இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடும். நீங்கள் அளக்க வந்ததே அந்தக் கசிவைத்தான்!

உங்கள் ஆய்வில் இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. சிகிச்சையில் செயலிழந்த நாணை நடுவே தள்ளிய பிறகு நோயாளி இயல்பாகவே உரக்கப் பேசுவார். உரத்த குரலில் ஜிட்டரும் ஷிம்மரும் தானாகக் குறையும், சிபிபி கூடும். ஒலி அளவைக் கவனிக்காவிட்டால் குரலின் தரம் தேறியதா, சத்தம் மட்டும் கூடியதா என்று பிரிக்க வழியே இல்லை. ஒலி அளவை டெசிபலில் அளந்து குறித்துக்கொண்டு பகுப்பாய்வில் அதையும் சேருங்கள்.

செவிச்சான்று:
இரண்டாம், மூன்றாம் வகைப் பதிவுகளை 'பொருந்தாது' என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்படிச் செய்தால் நோய் கடுமையாக உள்ளவர்கள்தான் கணக்கிலிருந்து விழுவார்கள். மிஞ்சும் சராசரி இருப்பதைவிட நன்றாகத் தெரியும். மூன்றாம் வகையில் இருந்த குரல் சிகிச்சைக்குப் பின் முதல் வகைக்கு வந்தால் அதுவே ஒரு முடிவு. தனி அட்டவணையில் கொடுங்கள்.

காதால் மதிப்பிடுவதும் வேண்டும். குரலைக் கேட்டு மதிப்பிடுவதற்கான கேப்-வி படிவத்தின் 100 மி.மீ. கோட்டில், முன்–பின் எது என்று தெரியாத மூவராவது மதிப்பிடட்டும். பதிவுகளைக் கலைத்து, சுமார் 20 விழுக்காட்டை மறுபடி நுழைத்தால் ஒருவர் தன் மதிப்பீட்டிலேயே எவ்வளவு நிலையாக இருக்கிறார் என்பது தெரியும்.

மெல்லொலி:
மிக்க நன்றி. 'ஆ'வில் எந்தப் பகுதியை வெட்டுவது?

அலைவடிவம்:
3 முதல் 5 விநாடி வீதம் மூன்று முறை சொல்லவையுங்கள். தொடக்கத்தையும் முடிவையும் விட்டு நடுவே 1 விநாடி எடுத்தால் போதும். அழகாகத் தெரியும் துண்டைத் தேடக் கூடாது. வெட்டும் விதியை முதல் நோயாளிக்கு முன்பே எழுதி வையுங்கள்.