'முன்னிடைவெளி': மேக்ரோ ஒளிப்படக்கலைக்கு ஒரு சொல்

வணக்கம்.

மிகச் சிறிய பொருள்களை அருகிலிருந்து பெரிதாகப் படமெடுக்கும் மேக்ரோ வில்லையை வாங்குவோர் அடிக்கடி குழம்பும் ஓர் அளவுக்குப் 'பணித்தூரம்' (working distance) என்ற சொல் இவ்வுரையாடல் இழையில் முன்மொழியப்பட்டிருக்கிறது. அதற்கு மாற்றாக 'முன்னிடைவெளி' என்பதை முன்வைக்கிறேன். வில்லையின் முகப்புக்கும் படமெடுக்கப்படும் பொருளுக்கும் நடுவே எஞ்சும் இடத்தையே நாம் சுட்ட விரும்புகிறோம். 'பணித்தூரம்' என்றால் எங்கிருந்து எதுவரை என்பது விளங்குவதில்லை.

விவரக்குறிப்பில் முதலில் கண்ணில் படுவது மீச்சிறு குவியத் தொலைவு, அதாவது பொருளைத் தெளிவாகக் குவிக்கக்கூடிய மிகக் குறைந்த தொலைவு; அது கேமராவில் பிம்பம் பதியும் உணரியிலிருந்து அளக்கப்படுவது. 100 மி.மீ. குவியத் தூரம் (focal length) கொண்ட மேக்ரோ வில்லைக்கு 30 செ.மீ. என்று போட்டிருந்தால், தும்பிக்கும் வில்லைக்கும் அவ்வளவு இடம் இருக்குமென்று நம்பிவிடுகிறோம். கேமராவின் உடற்பகுதியும் வில்லையின் நீளமும் அந்த 30 செ.மீ.க்குள் அடக்கம் என்பதால், 1:1 உருப்பெருக்கத்தில் (உணரியில் விழும் பிம்பம் பொருளின் உண்மை அளவே இருக்கும் நிலையில்) எஞ்சுவது பெரும்பாலும் 15 செ.மீ.க்கும் குறைவே. 60 மி.மீ. வில்லையில் இது மேலும் சுருங்கிவிட, வில்லையின் நிழல் பூச்சியின் மேலேயே விழுகிறது, ஒளிபாய்ச்சவும் இடமிருப்பதில்லை. பூச்சிகளைப் படமெடுப்போர் 150, 180 மி.மீ. வில்லைகளின் எடையைப் பொறுத்துக்கொள்வது இதற்காகத்தான்.

துணைக்கருவிகளை ஒப்பிடும்போது இச்சொல்லின் தேவை இன்னும் கூடுகிறது. கேமராவுக்கும் வில்லைக்கும் நடுவே பொருத்தும், கண்ணாடியே இல்லாத நீட்டிப்புக் குழலில், முடிவிலிக்கு, அதாவது மிகத் தொலைவுக்கு, குவித்த வில்லையின் உருப்பெருக்கம், குழலின் நீளத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது. 50 மி.மீ. வில்லைக்கு 25 மி.மீ. குழல் 0.5 மடங்கு தரும், 200 மி.மீ. வில்லைக்கோ அதே பலனுக்கு 100 மி.மீ. குழல் வேண்டும். வில்லையின் முன்புறம் திருகும் அண்மை வில்லையின் கணக்கு வேறு. 4 டையாப்டர் (வில்லையின் திறனைக் குறிக்கும் அலகு) அண்மை வில்லையின் குவியத் தூரம் 25 செ.மீ. ஆதலால், முதன்மை வில்லை முடிவிலிக்குக் குவிந்திருக்கையில் அது 50 மி.மீ. ஆனாலும் 200 மி.மீ. ஆனாலும் முன்னிடைவெளி ஏறத்தாழ 25 செ.மீ.தான், உருப்பெருக்கம் மட்டும் 0.2இலிருந்து 0.8ஆக உயர்கிறது. நீள்குவிய வில்லை கையில் உள்ளவருக்கு, நிறப்பிறழ்ச்சி (விளிம்புகளில் நிறம் பிரிந்து தெரியும் குறை) நீக்கிய இரட்டைக்கண்ணாடி அண்மை வில்லையையே நான் பரிந்துரைப்பேன்.

'முன்' என்பது காலத்தைக் குறிப்பதாகத் தோன்றுமே என்று நண்பர் ஒருவர் எழுப்பிய ஐயம் நியாயமானதே. ஆனால் முன்பக்கம், முன்வாசல், முன்னங்கால் என இடப்பொருளில் அது நன்கு பழகியிருப்பதாலும், வில்லையைப் பற்றிய பேச்சில் காலப்பொருளுக்கு இடமில்லாததாலும், மயக்கம் நேராது என்று கருதுகிறேன். நுண்ணோக்கியின் பொருளருகு வில்லைக்கும் இதே அளவு சொல்லப்படுவதால், சொல் அங்கேயும் பொருந்தும்.

பக்கவொளியைத் தடுக்க வில்லையின் முகப்பில் மாட்டும் மறைப்பைப் பொருத்தினால் இந்த இடம் மேலும் குறையும். ஆகவே வரையறையில் 'மறைப்பு நீக்கிய நிலையில்' என்ற தொடரையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.