சப்ளிமேசன் மெசின் (தாளில் அடித்த படத்தைச் சூட்டால் துணிக்கும் மக்குக்கும் ஏற்றுவது) வாங்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பரந்தன் பெடியன்:
எல்லாரும் பிரிண்டரைப் பற்றியே கேட்கிறீர்கள். எனக்கு இன்னும் மனதை அரிப்பது ஹீற் பிரஸ்தான், அந்தத் தாளை வைத்து அமத்தும் சூட்டுத் தட்டு. விடிந்தால் இறுதியாட்டம், கழகத்து ஜேர்சிகளுக்கு நெஞ்சில் இலச்சினையும் முதுகில் பெயரும் அடிக்க வேண்டும். இரவு ஏழு மணி. எல்லா வீட்டிலும் லைற், பாதி வீட்டில் கிணற்று மோட்டர். என்னுடைய பிரஸ் 38க்கு 38 சென்ரிமீற்றர், 1800 வாற். 200 பாகையில் நின்ற தட்டு ஒரு ஜேர்சியை அமத்தியதும் 170க்கு இறங்கி, ஏற மாட்டேன் என்று நிற்கிறது. மீற்றரை வைத்துப் பார்த்தால் பிளக்கில் 190 வோல்ற். 230க்கென்று செய்த சூடாக்கி 190இல் மூன்றில் இரண்டு பங்கு வேலைதான் செய்யும், 1200 வாற்றுக்குச் சற்று மேலே. கப்டன் வாசல்படியில் குந்தியிருந்து போனில் நேரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். 170இல் அமத்திய ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, “அண்ணை, இது கறுப்போ சாம்பலோ?” என்றார். மிச்சத்தை விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பி அடித்தேன். அந்த நேரம் 225 வந்தது, ஒரு சத்தமும் இல்லாமல் வேலை முடிந்தது.

முள்ளியவளை அக்கா:
தம்பி, உங்களுக்குச் சூடு, எனக்கு நிறம். எப்சன் எல்805, ஆறு மை. மை விற்ற கடைக்காரரிடம் அந்த மைக்குரிய ஐசிசி புரொஃபைலை, நிறம் சரியாக வரக் கொம்பியூட்டரில் போடும் கோப்பை, கேட்டேன். “அதெல்லாம் தேவையில்லை அக்கா, அப்படியே அடியுங்கோ” என்றார். வெளிநாட்டில் இருக்கிற மகனின் படத்தை மக்கில் போட ஒரு அம்மா வந்தார். தாளில் முகம் மங்கல்தான். இந்த மை தாளில் அப்படித்தான் கிடக்கும், சூட்டில்தான் நிறம் திறக்கும். திறந்தது! தாளை உரித்தால் பெடி கள்ளுக் குடித்தவன் மாதிரிச் சிவந்து நிற்கிறான். அம்மா மக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அங்க குளிரெல்லே, அதுதான் சிவந்திட்டான் போல” என்று தானே ஒரு சமாதானம் சொல்லி, காசையும் வைத்துவிட்டுப் போனார். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மாங்குளம் ஏ9:
பரந்தன் தம்பி பழியைக் கரண்டில் போடுகிறார். 1800 வாற் என்றால் எட்டு அம்பியர் அளவில் இழுக்கும். பழைய வீடுகளில் இருக்கும் சின்ன வட்ட முள் பிளக் 5 அம்பியருக்குத்தான். அதிலிருந்து மெல்லிய வயரில் நீட்டி எடுத்தால் வோல்ற்றேஜ் வீட்டுக்குள்ளேயே விழும். முதலில் தனி வயர் இழுங்கள்.

என் கதை சின்னது. மேல்தட்டு பின்னுக்குக் கீல் போட்டு மேலே திறக்கும் பிரஸ் வைத்திருந்தேன். மடுத் திருவிழாவுக்குப் படம் போட்ட டைல் ஓடர். மூடும்போது பின் விளிம்புதான் முதலில் கடிக்கும். டிக் என்றொரு சத்தம், மாதாவின் முக்காட்டுக்குக் குறுக்கே வெடிப்பு. தடிப்பான சாமான் செய்ய நினைப்பவர்கள் தட்டைப் பக்கவாட்டில் திருப்பும் வகையை எடுங்கள்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கனன், எச்பி வீட்டு இங்ஜெட்டுகளின் தலை மையைச் சூடாக்கித்தான் துப்பும், இந்த மைக்குச் சரிவராது. எப்சன் தலை சூடாக்காமல் அழுத்தித் துப்புவதால்தான் எல்லாரும் அதற்குப் பின்னால் போகிறார்கள். எப்சனின் ஷுவர்கலர் எஃப்100 போன்றவை சப்ளிமேசனுக்கென்றே செய்து வருபவை, அக்காவின் நிறப் பிரச்சினை அதில் குறையும், விலைதான் ஏறும். மக் மட்டும் என்றால் ஏ4 போதும், ஜேர்சி என்றால் ஏ3 வேண்டும். முழு ஜேர்சியையும் படமாக அடிக்கும் ஆசை இருந்தால் அது அகலப் பிரிண்டரும் ரோலர் பிரஸ்ஸும் கேட்கிற வேலை, கொழும்பில் கொடுத்து எடுப்பதே லாபம். ஓடர் இல்லாத நாளிலும் எல்லா நிறமும் வரும்படி ஒரு தாள் அடியுங்கள், இல்லாவிட்டால் தலை அடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாளைப் பையில் கட்டி வையுங்கள். ஜேர்சியையும் முதலில் சில செக்கன் வெறுமனே அமத்தி ஈரத்தைப் போக்கிவிட்டு அடியுங்கள். இன்னும் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

பரந்தன் பெடியன்:
தனி வயர்தான் அண்ணை, 2.5 சதுர மில்லிமீற்றர் தடிப்பு. மெயின் சுவிச்சில் வைத்துப் பார்த்தபோதே 193தான். திறான்ஸ்போமரிலிருந்து கடைசி வீடு எங்களுடையது. றோட்டுக்கரையில் இருந்துகொண்டு ஒழுங்கைக்காரனுக்குக் கரண்ட் படிப்பிக்காதேங்கோ.

துணுக்காய்:
சண்டை பிடியாதேங்கோ. பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ரீச்சர் ஒருவர் கடும் பச்சை ரீசேட் கட்டொன்றைக் கொண்டுவந்து, வெள்ளை எழுத்து வேண்டும் என்றார். சப்ளிமேசனில் வெள்ளை மையே இல்லை, வெளிர் நிறப் பொலியெஸ்டரில்தான் பிடிக்கும் என்று சொன்னேன். நம்பவில்லை. குனிந்து மைத் தாங்கிகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து, “அப்ப வெள்ளைக்கு எங்க ஊத்துறது?” என்று கேட்டார். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள், எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை, ஓடர் போகப்போகிறது. தெரிந்தவரின் கட்டரில் (எழுத்து வெட்டும் மெசின்) வெள்ளை வைனல், அதாவது சூட்டில் ஒட்டும் பிளாஸ்ரிக் தாள், வெட்டுவித்து ஒட்டிக் கொடுத்தேன். பிறகு கட்டர் ஒன்று நானே வாங்கினேன், இப்போது அதில்தான் ஓட்டம் கூட. பிரஸ் அதேதான், வைனலுக்கு 150 பாகை போதும். பரந்தன் தம்பியின் கரண்டும் தாங்கும்.